தீபாவளி மறுநாள் பிரட்டலுக்கு எந்த மீ?

தீபாவளிக்கு மறுநாள் ஐஸ்பெட்டியைத் திறந்தால் உள்ளே என்ன இருக்கும் என்று மலேசியாவில் எந்தத் தமிழர் வீட்டில் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். பாதி டப்பா ஆட்டுக்கறிப் பிரட்டல். கோழித் துண்டுகள் எல்லாம் போய், உருளைக்கிழங்கும் குழம்பும் மட்டும் மிஞ்சிய ஒரு பாத்திரம். ஏழெட்டுப் பருப்பு வடை. நறுக்கி மிஞ்சிய வெள்ளரிக்காய், வெங்காயம். சில வருஷம் கொஞ்சம் இறால் சம்பல். இதை வைத்து மதியம் மறுபடியும் சோறு ஆக்கினால் யாருக்கும் தொண்டையில் இறங்காது. அதனால் கிள்ளானில் எங்கள் வீட்டில் மறுநாள் மதியம் மீ, அதாவது நூடுல்ஸ், பிரட்டுவது வழக்கமாகிவிட்டது.

எந்த மீ என்பதுதான் கேள்வி. பசாரில், அதாவது சந்தையில், மஞ்சள் மீ, அகலமான அரிசி மீயான குவே தியாவ் இரண்டும் கிடைக்கும். மளிகைக் கடையில் மெல்லிய அரிசி மீயான மீஹூன் உண்டு. அலமாரியில் மேகி எப்போதும் இருக்கும். பலரும் கையில் கிடைத்ததைப் போட்டுப் பிரட்டுகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். ஒரு வருஷம் அருமையாக வரும், அடுத்த வருஷம் கூழாகிவிடும். இரண்டுக்கும் ஒரே சட்டி, ஒரே அடுப்பு, ஒரே கை. வித்தியாசம் எங்கே என்று யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிந்தது: மிஞ்சிய கறியில் எவ்வளவு குழம்பு நிற்கிறது என்று பார்த்துத்தான் மீயைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கோழியா ஆடா, காரம் எவ்வளவு என்பதெல்லாம் அப்புறம்.

சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. அந்தச் சூட்டில் மீ வேகும், ஆனால் வறுபடாது. ஓரம் சிவந்து லேசாகக் கருகும் அந்த வாசனைக்குச் சட்டியின் அடி 140, 150 டிகிரிக்கு மேல் போக வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் சாப்பாட்டுக் கடை அடுப்பில் தீ சீறிக்கொண்டு வரும், கரண்டிக் குழம்பு விழுந்த நொடியே ஆவியாகிவிடும். வீட்டு கேஸ் அடுப்பால் அது முடியாது. நாம் ஊற்றும் ஒவ்வொரு கரண்டிக் குழம்பும் சட்டியைக் குளிர வைக்கிறது. ஆக, அந்தத் தண்ணீரை யார் குடிப்பது? மீ குடிக்க வேண்டும், இல்லையென்றால் முன்னாலேயே குழம்பைச் சுண்டவைத்திருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

மீக்களை ஒப்பிடுவதற்கு முன் கறியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், இதை விட்டுவிட்டால் மீதியைப் பேசிப் பயன் இல்லை. நம் வீடுகளில் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் காலை பத்து மணிக்கு வைத்த கறி இரவு வரை மேசையில் இருக்கும். நம் ஊர் வெயிலில் அது ஆபத்து. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கெட்டியான இறைச்சிக் குழம்பு பெரிய அண்டாவில் மெல்ல ஆறும்போதுதான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம், அவற்றில் சில விடும் நஞ்சு மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. நான் இப்போது செய்வது இதுதான்: விருந்தாளிகள் வருவதற்கு முன்பே இரண்டு தட்டையான டப்பாவில் கறியை எடுத்து, சூடு தணிந்ததும் ஐஸ்பெட்டியில் வைத்துவிடுகிறேன். மறுநாள் மீக்கு அந்த டப்பாதான். மேசையில் நாள் முழுக்கக் கிடந்ததை மனசு கேட்காமல் எடுத்து வைக்காதீர்கள். டப்பாவில் உள்ளது மூன்று நாள், மிஞ்சினால் நான்கு நாள் தாங்கும்.

சரி, மீக்கு வருவோம்.

மஞ்சள் மீதான் மாமாக் கடையில் பிரட்டித் தரும் நம் மீ கோரெங்கின் மீ. மாமாக் என்ற சொல்லே நம் மாமாவிலிருந்து வந்தது. தமிழ் முஸ்லிம்கள் சீனர்களின் மீயை எடுத்து, அரைத்த மிளகாய், தக்காளி சாஸ், அவித்த உருளைக்கிழங்கு, தவு (சோயாக் கட்டி), தௌகே (முளைகட்டிய பயறு), முட்டை எல்லாம் சேர்த்து உண்டாக்கியது மீ கோரெங். ஆகவே தீபாவளிக் கறியை மீயில் போடுவது ஏதோ புதுமை இல்லை. சிங்கப்பூரில் ஆட்டுக்கறி போட்ட மீ கோரெங்கை வெகுகாலமாகவே விற்கிறார்கள்.

இந்த மீயின் மஞ்சள் நிறத்துக்குப் பெரும்பாலும் முட்டை காரணம் இல்லை. கோதுமை மாவில் காரத்தண்ணீர் (மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு மாதிரியான காரம்) சேர்த்துப் பிசைவார்கள், அது பட்டதும் மாவில் உள்ள நிறப்பொருள் மஞ்சளாகும். கடைக்காரர்கள் கொஞ்சம் சாயமும் சேர்ப்பதுண்டு. அந்தக் காரம்தான் மீக்கு இழுத்தால் அறாத உறுதியைத் தருகிறது, சட்டியில் சீக்கிரம் சிவக்கவும் வைக்கிறது. மசாலாவோடு மோதி நிற்கும் மீ இது ஒன்றுதான் என்று சொல்வேன். ஆட்டுக்கறிப் பிரட்டலின் பட்டை, சோம்பு, மிளகு எவ்வளவு தூக்கலாக இருந்தாலும் மீயின் ருசி அடிபடாது.

ஆனால் ஒரு குணத்தை மறக்கக் கூடாது. பாக்கெட்டில் வரும் மஞ்சள் மீ ஏற்கெனவே அவித்து எண்ணெய் தடவியது. அதாவது, குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடித்து முடித்த மீ. அதற்கு மேல் குழம்பை ஊற்றினால் உள்ளே போக இடம் இல்லை, வெளியே ஒட்டிக்கொண்டு வழவழவென்று ஊறிப்போகும். ஒரு வருஷம் கோழிக் குழம்பை மூன்று கரண்டி அப்படியே ஊற்றினேன். சட்டியில் தளதளவென்று கொதித்தது. தண்ணீர் வற்றட்டும் என்று கிண்டக் கிண்ட மீ துண்டு துண்டாக உடைந்தது. பிள்ளைகள் கரண்டியால் அள்ளிச் சாப்பிட்டார்கள். கறி நல்ல கறி, மீ நல்ல மீ, சேர்த்த விதம்தான் தப்பு.

ஆகவே மஞ்சள் மீக்கு வறண்ட கறிதான் வேண்டும். பிரட்டல், வறுவல், சுக்கா. குழம்பு மட்டும்தான் இருக்கிறது, மஞ்சள் மீதான் வேண்டும் என்றால் நம் பாட்டிகள் செய்த வேலையைச் செய்யுங்கள்: சுண்டக்குழம்பு. முதல் நாள் குழம்பை மறுநாள் சட்டியில் சுண்டவைத்தால் ருசி இரட்டிப்பாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அகலமான சட்டியில் பத்து நிமிஷம் வற்றவிட்டு, கரண்டியால் கோடு போட்டால் சட்டியின் அடி தெரிகிற பதத்தில் இறக்கினால் போதும். அப்புறம் மீயில் சேர்க்கலாம். உப்பும் சேர்ந்தே சுண்டியிருக்கும், அதனால் கிச்சாப் (சோயா சாஸ்) ஊற்றும்போது கை அடக்கமாக இருக்கட்டும். தனியாக உப்பு வேண்டவே வேண்டாம்.

நான் செய்வதை அப்படியே சொல்கிறேன். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த பிரட்டலின் மேலே செம்மஞ்சளாக ஒரு கொழுப்பு ஏடு உறைந்திருக்கும். அதைத் தூக்கி எறியாதீர்கள். கரண்டி முனையால் அலுங்காமல் பெயர்த்தால் பாளம் பாளமாக வரும், விரலில் பட்டால் மெழுகு மாதிரி இருக்கும். எனக்கு மீ பிரட்ட எண்ணெயே அதுதான். முதல் நாள் முழுக்க மசாலாவோடு கொதித்த கொழுப்பு, கறிவேப்பிலை வாசனை அதற்குள் அடங்கியிருக்கும். சட்டி புகைய ஆரம்பித்ததும் அதைப் போட்டால் அடுக்களை முழுக்கத் தீபாவளி திரும்பி வரும். கறியில் எலும்பை எடுத்துவிட்டு, இறைச்சியை நார் போகிற வாக்கில் விரலால் பிய்த்து வையுங்கள். கத்தியால் நறுக்கிய துண்டு மீயோடு சேராது, தட்டின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டை, ஏலக்காய், பிரிஞ்சி இலை எல்லாவற்றையும் இப்போதே பொறுக்கிவிடுங்கள்.

மீயை வெந்நீரில் ஒரு தடவை அலசி வடித்தால் அந்தக் காரத்தண்ணீர் வாடை போய்விடும். நன்றாக வடிய வேண்டும், பத்து நிமிஷமாவது சல்லடையில் கிடக்கட்டும். கொழுப்பு உருகியதும் வெங்காயம், பூண்டு, ஒரு கரண்டி அரைத்த மிளகாய். அது எண்ணெய் பிரிந்ததும் கறி. கறி ஓரம் மொறுமொறுவென்று வந்ததும் மீ, கிச்சாப், கொஞ்சம் தக்காளி சாஸ். இந்த இடத்தில்தான் நம்மில் பலர் தப்புச் செய்கிறோம்: கை நிற்காமல் கிண்டுகிறோம். நான் வழக்கமாகப் போகும் கடையில் மீ போடுகிற அண்ணனிடம் ஒருநாள் கேட்டேன், "அண்ணே, எங்க வீட்ல மட்டும் ஏன் இந்த வாசனை வரமாட்டேங்குது?" அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "தீயைக் கூட்டுங்க, கையைக் குறைங்க தங்கச்சி." அன்றிலிருந்து மீயைப் பரப்பிவிட்டு முப்பது எண்ணும்வரை தொடுவதில்லை. அப்புறம் ஒரு புரட்டு, மறுபடி முப்பது. அடியில் பட்ட மீ பழுப்பாகப் புள்ளி விழுந்து வரும். அதுதான் வேண்டும். பிறகு ஓரமாக ஒதுக்கி முட்டை, கடைசியில் தௌகே. தௌகே சட்டியில் இருபது நொடிக்கு மேல் இருந்தால் தண்ணீர் விட்டுவிடும்.

அளவும் முக்கியம். ஒரு பாக்கெட் மீ 400, 450 கிராம் இருக்கும். வீட்டு அடுப்பில் அதை மூன்று தடவையாகப் பிரட்டுங்கள். ஒரே தடவையில் கொட்டினால் சட்டி குளிர்ந்துபோய் மறுபடி அதே கூழ் கதைதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது பருப்பு வடை. கடை மீ கோரெங்கில் சுச்சோர் என்று மாவில் பொரித்த துண்டுகளை வெட்டிப் போடுவார்கள் இல்லையா? முதல் நாள் பருப்பு வடை அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்கிறது. ஆறிப்போன வடையைத் தனியாகத் தின்றால் மரக்கட்டை மாதிரி இருக்கும். நான்காக உடைத்து, மீ இறக்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போட்டால் வெளியே மசாலாவை இழுத்துக்கொண்டு உள்ளே பருப்பு கடிபடும். குழம்பில் கிடந்த உருளைக்கிழங்கையும் விடாதீர்கள். கடையில் போடுவது வெறுமனே அவித்த கிழங்கு. நம்முடையது ஒரு ராத்திரி முழுக்க மசாலாவில் ஊறிய கிழங்கு. உளுந்து வடை மட்டும் வேண்டாம், அது கரைந்துவிடும்.

மீஹூன் இதற்கு நேர் எதிர். அரிசி மாவில் செய்து காயவைத்தது, தாகத்தோடு இருக்கிறது. சீனர்களின் ஹொக்கியன் மொழியில் அந்தப் பெயருக்கே அரிசி மாவு என்றுதான் பொருள். குழம்பு நிறைய இருந்தால், கறித்துண்டு குறைவாக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், மீஹூன்தான். சாதாரணத் தண்ணீரில் இருபது முப்பது நிமிஷம் ஊறினால் போதும். வெந்நீரில் ஊறப்போட்டால் அங்கேயே வயிறு நிரம்பிவிடும், பிறகு குழம்பைக் குடிக்காது. வளைத்தால் வளைய வேண்டும், கிள்ளினால் நடுவில் கொஞ்சம் கெட்டி இருக்க வேண்டும், அதுதான் பதம். குழம்பைச் சட்டியில் கொதிக்கவிட்டு, மீஹூனைப் போட்டு, கரண்டியை விட்டுவிட்டு நீளக் குச்சியால் அல்லது இடுக்கியால் தூக்கித் தூக்கிப் போடுங்கள். மூன்று நான்கு நிமிஷத்தில் குழம்பு காணாமல் போய், வெள்ளை நூல் எல்லாம் மஞ்சளாகி உதிரி உதிரியாக நிற்கும். 200 கிராம் காய்ந்த மீஹூனுக்கு ஏறக்குறைய இரண்டு கப் குழம்பு பிடிக்கும். போதவில்லை என்றால் கொஞ்சம் வெந்நீர் தெளிக்கலாம்.

ருசியில் மஞ்சள் மீ அளவுக்கு வருமா? வராது. கருகிய வாசனை கிடைக்காது, மெல்வதற்கும் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தக் குழம்பின் ருசி முழுசாக ஒவ்வொரு நூலிலும் ஏறியிருக்கும். நல்ல குழம்பு வைத்த வீட்டுக்கு அது பெரிய விஷயம். இன்னொரு நன்மை, கூட்டம். மறுநாளும் உறவுக்காரர்கள் வருவார்கள் என்றால் மஞ்சள் மீயைத் தட்டுத் தட்டாகப் பிரட்டிக்கொண்டு அடுப்படியில் நிற்க முடியாது. மீஹூனைப் பெரிய சட்டியில் ஒரே தடவையில் பத்துப் பேருக்குச் செய்யலாம், ஆறினாலும் கெடாது. கோயில் அன்னதானத்திலும் வீட்டு விசேஷத்திலும் மீஹூன் பிரட்டலே வருவதற்குக் காரணம் அதுதான். தீபாவளிக்கு விரதம் இருந்து சைவம் சமைத்த வீடாக இருந்தால், மிஞ்சிய குருமாவும் பொரியலும் மீஹூனுக்கு ரொம்பப் பொருந்தும். சாம்பாரை மட்டும் முயற்சி செய்யாதீர்கள். பருப்பு மாவாகி நூலெல்லாம் கட்டியாக ஒட்டிக்கொள்ளும்.

குவே தியாவ் எனக்கு உயிர். பினாங்கில் சீனர்கள் இறால், சிப்பி, குச்சாய் (பூண்டு வாசனைக் கீரை) போட்டு வறுக்கும் சார் குவே தியாவுக்காகவே ரயில் ஏறலாம். ஆனால் தீபாவளி மிச்சத்துக்கு அதை எடுக்க மாட்டேன். அந்த அகல அரிசிப் பட்டையின் ருசி மென்மையானது, ஆட்டு மசாலா அதை மூடிவிடும். குழம்பையும் தாங்காது, கிண்டினால் கிழியும். முதல் நாளே வாங்கி ஐஸ்பெட்டியில் வைத்தால் விறைத்து உடையும். ஒரே ஒரு விதிவிலக்கு: மிஞ்சியது இறால் சம்பல் என்றால், அன்று காலை வாங்கிய புதுக் குவே தியாவில், முட்டை சேர்த்து, சம்பலை இரண்டு மேசைக்கரண்டி மட்டும் போட்டுப் பாருங்கள். அன்றைக்கு மஞ்சள் மீகூட அதன் பக்கத்தில் நிற்காது.

மேகியைத் தாழ்த்திப் பேச எனக்கு மனசு வராது. 1958-இல் ஜப்பானில் மொமொஃபுக்கு அண்டோ கண்டுபிடித்த வழி, அவித்த மீயை எண்ணெயில் பொரித்து ஈரத்தை எடுத்துவிடுவது. பொரிக்கும்போது உண்டாகும் நுண்ணிய ஓட்டைகள் வழியாகத்தான் தண்ணீர் சட்டென்று உள்ளே போகிறது. ஆகவே மேகியும் மீஹூன் மாதிரி குழம்பு குடிக்கும், ஆனால் வேகமாகக் குடித்து வேகமாகத் தளர்ந்துவிடும். இரண்டு நிமிஷம் என்று எழுதியிருந்தாலும் ஒரு நிமிஷத்தில் வடித்து எடுத்துவிடுங்கள், மீதி வேக்காடு சட்டியில் நடக்கும். பாக்கெட்டில் வரும் மசாலாவைப் போடவே போடாதீர்கள், நம் கறியில் இருக்கும் உப்பே தாராளம். ஒரு பாக்கெட் சுமார் 80 கிராம், ஒருவருக்குச் சரி. ராத்திரி பத்து மணிக்கு ஒரே ஒருத்தருக்குப் பசி, டப்பாவில் நாலு துண்டு கறி இருக்கிறது என்றால் மேகி கோரெங்கைவிடச் சிறந்த வழி இல்லை. குடும்பத்துக்கே செய்வதென்றால் கட்டிக் கட்டியாக உடைத்து வேகவைப்பதற்குள் முதலில் போட்டது குழைந்துவிடும்.

இடியாப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பல வீடுகளில் அதுவே மிஞ்சியிருக்கும். முதல் நாள் இடியாப்பம் கொஞ்சம் காய்ந்து உதிரியாக இருக்கும், ஊறவைக்கும் வேலையே இல்லை. கையால் உதிர்த்து, சுண்டிய குழம்பு நாலைந்து கரண்டியும் முட்டையும் சேர்த்து இரண்டு நிமிஷம் புரட்டினால் போதும். அதற்கு மேல் அடுப்பில் வைத்தால் புட்டு மாதிரி பொடிந்துவிடும். இலங்கைத் தமிழர்கள் இடியாப்பக் கொத்து என்று இதைச் செய்கிறார்கள். மீயின் ருசியை எதிர்பார்க்காமல் இடியாப்பமாகவே நினைத்துச் சாப்பிட்டால் மிக நன்றாக இருக்கும்.

எந்த மீயாக இருந்தாலும் தட்டில் போட்டதும் லீமாவ் கஸ்தூரி என்ற குட்டி எலுமிச்சை ஒன்று வெட்டிப் பிழியுங்கள். முதல் நாள் கறிக்கு ஒரு கனம் இருக்கும், கொழுப்பும் மசாலாவும் நாக்கில் தங்கிவிடும். அந்தப் புளிப்பு அதைக் கழுவிவிடும். பக்கத்தில் மிஞ்சிய வெள்ளரிக்காய். வேறு ஒன்றும் வேண்டாம்.

எங்கள் வீட்டு முடிவு இது. தீபாவளிக்கு முந்தின வாரம் சாமான் வாங்கும்போதே மீஹூன் இரண்டு பாக்கெட் வாங்கி வைத்துவிடுகிறேன், அது கெட்டுப்போகாது. மஞ்சள் மீயை முன்கூட்டி வாங்குவதில்லை. மறுநாள் காலை எழுந்ததும் டப்பாவைத் திறந்து சாய்த்துப் பார்ப்பேன். கறி அசையாமல் நின்றால் பசாருக்குப் போய் மீயும் தௌகேயும் வாங்கிவருவேன். குழம்பு ஓரத்துக்கு ஓடி வந்தால் செருப்பைக்கூட மாட்ட வேண்டியதில்லை, மீஹூனை ஊறப்போட்டுவிட்டு ஒரு காப்பி குடிக்க நேரம் இருக்கிறது.